மகள் வீட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு ஜன்னலைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது பக்கத்து வீட்டுக்காரியின் முகம். பை, குடையோடு வாசலில் நின்றிருந்தாள். எப்போதும் தனியாகப் போகிறவள் அன்று எனக்காகக் காத்திருந்தாள்.

அவள் கன்னட எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துக்காரி. என்னைவிட இளையவள், அக்கா என்பாள். அவளுடைய ஒரே மகள், வீட்டில் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குடியிருந்தாள். அப்பா மகளைத் தலைமுழுகிவிட்டார். அம்மா மட்டும் சனிக்கிழமைதோறும், ரங்கநாதர் கோயிலுக்கு என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்து வருவாள். சாயங்காலம் என் வீட்டில் அவரைக்காய் உரித்தபடி எல்லாம் சொல்வாள். மகள் கதவைத் திறந்ததும் கட்டிக்கொண்டது, பேரன் மடியைவிட்டு இறங்காதது.

அதை நான் கதையாக எழுதிக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. பஸ், மழை, பேரன் எல்லாம் வந்துவிட்டன. கதைக்கு உயிர் மட்டும் வரவில்லை. செய்தித்தாள் அலுவலகத்தில் பிறர் எழுதியதைச் சரிபார்த்தே பல வருடம் கழித்தவள் நான். ஒரு செய்தி ஒட்டாவிட்டால் நேரில் போய்ப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

அதனால் வியாழக்கிழமை சாயங்காலம், "இந்த வாரம் நானும் வரட்டுமா? உன் பேரனைப் பாக்கணும்" என்றேன்.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "பஸ்ஸுல நின்னுட்டுத்தான் போகோணுங்க்கா. உங்க முட்டி என்னத்துக்காகும்?"

"பரவால்ல."

"வெயிலு வேற மண்டையப் பொளக்குது."

"குடை இருக்கே."

அவள் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. தெரிந்தும் நான் விடவில்லை.

சனிக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஒரு பேக்கரிக்குள் நுழைந்தாள். கடைக்காரர் எதுவும் கேட்காமல் ஓரத்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கன்னடத்தில், "இவத்து இப்பரா?" என்று சிரித்தார். இன்றைக்கு இரண்டு பேரா என்று.

அவள் தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். பச்சைக் கதவு போட்ட வீடு.

"துணி காயப் போட வருவாளுங்க்கா. பையனும் பொறத்தாலயே வருவான். பாத்துட்டுக் கெளம்பிருவேன்." டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "கதவத் தட்டுனதே இல்லீங்க. உங்ககிட்டச் சொன்னதெல்லாம்... சும்மா சொன்னதுங்க."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. இன்னிக்குத் தட்டிப் பாரேன். நான் இருக்கேன்ல" என்றேன்.

இரக்கத்தில் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கதைக்கு அடுத்த காட்சி வேண்டியிருந்தது.

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தாள். நான் இரண்டடி பின்னால் நின்றேன். மகள் இடுப்பில் பையனோடு கதவைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பேக்கரியில் பாதி குடித்து வைத்த இரண்டு டீயைப் பார்த்தாள்.

"அங்க ஒக்காந்து எத்தன நாளா வேவு பாக்கறே?"

"வேவு இல்ல கண்ணு..."

"அப்பா வெளிய போடின்னப்ப வாயத் தெறந்தியா நீ? இப்ப யாரையோ கூட்டிட்டு வந்து வேடிக்க காட்டறே." மகள் கன்னடத்துக்கு மாறினாள். "மத்தே பரபேடா." இனி வராதே என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மூடிய கதவைப் பார்த்து அம்மா மெதுவாகச் சொன்னாள்: "பையன் எளச்சுட்டான், கண்ணு."

நான் மணி பார்த்தேன். பதினொன்று இருபது. கதவில் ஒட்டியிருந்த தாமரைக் கோலம் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. அவள் தோளில் கை வைப்பதற்கு முன்பே அது என் மனதில் வாக்கியமாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க்கா. என்னைக்கிருந்தாலும் தட்டித்தான ஆகோணும்." பிறகு, "இத யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள்.

சரி என்றேன்.

கதை நாலே நாளில் முடிந்தது. இந்த முறை பேக்கரியில் ஆரம்பித்திருந்தேன். படித்துப் பார்த்தபோது ஒரு வரிகூட மாற்றத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை பத்திரிகைக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவள் தனியாகப் போனாள். பச்சைக் கதவு பூட்டியிருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்று பேக்கரிக்காரர் சொன்னார். எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.