திரும்பி வருவதற்கு ஒரு பசு

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு ஆண்டு நடந்தது இது. மலாக்காவில் காஜா பெராங் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் என் மனைவியும் இருந்தோம். சுதந்திர தினத்துக்கு நட்ட தோரணக் கம்பங்களில் சில இன்னும் பிடுங்கப்படாமல் சாலையோரம் நின்றன. நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. எந்த மனுவை எந்த மேசையில் வைத்தால் நகரும், எது தூங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

என் மனைவிக்கு இருதயக் கோளாறு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் விட்டுப்போன மிச்சம் என்றார் டாக்டர். கப்பல் பயணத்தை நினைக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த தன் அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவள் போக முடியாது, ஆகவே அம்மா வர வேண்டும். அம்மா வருவதற்கு விசா வேண்டும்.

அப்போது இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கதவைப் பாதிக்கு மேல் சாத்தியிருந்தார்கள். பார்க்க வருகிறேன் என்று வந்து தங்கிவிடுவார்கள் என்ற சந்தேகம். ஆகையால் மனு தள்ளுபடியாகாமல் இருக்க, ஏன் வருகிறோம் என்பதைவிட ஏன் திரும்பிப் போவோம் என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். என் மாமியாரோ விதவை. ஒரே மகள், அவளும் இங்கே. நிலபுலம் கிடையாது. அவரை ஊரோடு கட்டிப்போட எனக்கு அகப்பட்டது ஒரு கூரை வீடும் ஒரு கறவைப் பசுவும்தான். இரண்டுக்கும் ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணத்திடம் சான்றிதழ் வாங்கச் சொன்னேன். பால் விற்றுப் பிழைப்பவர், பசுவை விட்டு நெடுநாள் இருக்க இயலாதவர் என்று மனுவில் எழுதினேன். திரும்பும் கப்பலுக்கும் பணம் கட்டினேன். அவர் திரும்பாவிட்டால் நான் பொறுப்பு என்று பிணையும் கொடுத்தேன்.

எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப எங்கம்மா மாட்டுக்காகத் திரும்பிப் போவாங்க, எனக்காக இருக்க மாட்டாங்க. அதானே எழுதியிருக்கீங்க?"

"அதிகாரி அப்படி நம்பணும்."

"நம்புவாரு, நம்புவாரு. அவருக்கு அம்மா இல்ல போலிருக்கு."

அலுவலக நண்பர் ஒருவர் நகலைப் பார்த்துவிட்டு, "கிராணியாரே, இதப் படிச்சா அந்தப் பசுவுக்கே விசா குடுத்துருவான்" என்றார். நானும் சிரித்தேன்.

நான் வேலைக்குப் போன பிறகு கம்போங் செட்டியிலிருந்து ஓர் அம்மாள் வந்து மனைவிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பார். மலாய்ப் பெண்களைப் போல் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருப்பார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழி வந்தவர், ஆனால் தமிழ் தெரியாது. அவள் மூச்சுவிடத் திணறும்போது முதுகைத் தடவிக்கொண்டே, "சபார், நக்" என்பார். பொறுத்துக்கொள் மகளே என்று அவர்கள் பேசும் மலாயில்.

சென்னையில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று விவரமாக எழுதி அனுப்பினேன். மனைவியின் பெரியப்பா மகன் அதைப் படித்துக் காட்டி, மாமியாரை மனப்பாடமே செய்ய வைத்து, கூடவே அழைத்துப் போனான். நடந்ததை எழுதியவனும் அவன்தான்.

எல்லாக் கேள்விகளுக்கும் அவர் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார். அதிகாரி கோபக்காரரும் இல்லையாம். காகிதங்களை மூடப்போன சமயத்தில், பேச்சுக்குக் கேட்பது போல், "நீங்க கப்பல் ஏறிட்டா மாட்டை யாரும்மா பாத்துக்குவா?" என்று கேட்டிருக்கிறார்.

"அத வித்துட்டேங்கய்யா. பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிப் போறது?"

அதிகாரி மூடப்போன காகிதங்களை மறுபடி பிரித்தாராம். விசா கிடையாது என்று முடிந்தது. சட்டப்படி அவர் செய்தது சரிதான். அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். மனுவுக்கு உயிரே அந்தப் பசுதான். அதை விற்காதீர்கள் என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

பசு விற்ற பணத்தில் மகளுக்கு அவர் ஒரு கும்பகோணம் பட்டு எடுத்திருந்தார். அரக்கு நிறம். அதை மட்டும் கப்பலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். சேலைக்கு விசா கேட்பதில்லை.

மனைவி அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் வழி இருக்கிறது என்றேன்.

"மாட்டத்தான் வித்தாச்சே. இனிமே எதக் காட்டி எழுதுவீங்க?"

 கேட்டுவிட்டு அவளே, "அம்மா வந்ததும் கட்டிக்கிறேன்" என்று சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்தாள்.

மேல்முறையீடு எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மனுவை நான் எழுதியதில்லை. மழைக்காலம் தொடங்கியபோது அவள் போய்விட்டாள்.

வீட்டில் கூடியிருந்த பெரியவர்களில் ஒருவர், "பொறந்த வீட்டுக் கோடி யாருப்பா போடுறது?" என்று கேட்டார். இறந்த பெண்ணுக்குக் கடைசியாகப் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டிய புதுத்துணி. அண்ணன் தம்பி இல்லை, இந்த ஊரில் அவளுக்கென்று யாருமே இல்லை.  நான் உள்ளே போய், மடிப்புக் கலையாத அந்தப் பட்டை எடுத்து வந்தேன். கம்போங் செட்டி அம்மாள்தான் வாங்கி அவள்மேல் போர்த்தினார். அப்போதும் "சபார், நக்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மேல்முறையீட்டுக்குப் பதில் பிறகு வந்தது. பரிசீலனையில் இருக்கிறதாம்.

ஓய்வு பெற்ற பின்பும் பக்கத்து ஊர்களான புக்கிட் காதிலிலிருந்தும் செங்கிலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள். லண்டனில் மகள், ஆஸ்திரேலியாவில் மகன், விசா தள்ளுபடியாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலைக் கடிதம், வீட்டுப் பத்திரம், திரும்பும் டிக்கெட் என்று எல்லாம் சொல்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்கிறேன். பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. மனுவில் காட்டிய எதையும் முடிவு தெரியும்வரை விற்காதீர்கள் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது, ஏனென்றால் மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனம் வராத அந்தத் தாய் தவறு செய்தார் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.