அவர் அங்கே நிற்கிறார்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வகுப்புவரைதான் படித்தேன். இதுவரை நீளமாக எழுதியது ஒரே ஒரு தடவை, ஜெர்மனியில் அகதி விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்த ஆறு பக்கங்கள். அதையும் பயந்துகொண்டுதான் எழுதினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளுக்குப் புத்தகத்தில் எழுத என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆனாலும் இந்த ஒன்றை எழுதிவிட வேண்டும் போல இருக்கிறது.

ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தேன். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலர் அப்படி வந்தார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்பது எல்லோரும் சொன்ன காரணம். எங்களுடையதும் அதுதான். என் கணவர் உடனே வரவில்லை. அங்கே அவருக்குத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. இங்கே எனக்கு ஒரு வேலை நிலைத்த பிறகு அதை விட்டுவிட்டு வருவதாகப் பேச்சு. அதுவரை ஆறு கிழமைக்கு, அதாவது ஆறு வாரத்துக்கு, ஒரு தடவை கப்பலில் ஏற்றும் பஸ்ஸில் கடல் தாண்டி வருவார். மூன்று நாளில் திரும்பிவிடுவார்.

லண்டனில் மனோர் பார்க் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை எடுத்தோம். கீழே வீட்டுக்கார அக்காவும் அவருடைய குடும்பமும். எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. ஜெர்மனியிலும் ஆஸ்பத்திரி ஒன்றில் அதே வேலைதான் செய்தேன்.

பிள்ளைகளுக்காக அரசாங்கம் தரும் பணத்தை ஜெர்மனியில் நாங்கள் பிள்ளைக்காசு என்போம். லண்டனில் அது சைல்ட் பெனிபிட். வேலை கிடைத்ததும் அதற்கு விண்ணப்பித்தேன். படிவத்தை வீட்டுக்கார அக்காதான் நிரப்பினார். நான் திருமணமானவள் என்று சரியாகவே போட்டார். இதே பிள்ளைகளுக்கு வேறு நாட்டிலிருந்து பணம் வருகிறதா என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. அக்கா அதை என்னிடம் கேட்காமலே இல்லை என்று போட்டுவிட்டார். நானும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த தடவை என் கணவர் வந்தபோது பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது. அங்கே அவருடைய கணக்கில் பிள்ளைக்காசு இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் நாட்டை விட்டு வந்ததை அவர் அங்குள்ள அலுவலகத்துக்கு அறிவிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் அங்கை வேலை செய்யிறன், வரி கட்டுறன். பிள்ளையள் என்ரை பிள்ளையள்தானே" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சரியாக இருப்பதாகவும் தெரியவில்லை. அவர் திரும்பிப் போன மறு கிழமை சைல்ட் பெனிபிட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டுகள், கல்யாணப் பத்திரம், வேலைக் கடிதம் எல்லாவற்றோடும் பத்து நாள் கழித்து நேரில் வரவேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பார். கடிதத்தை வாசித்துச் சொன்ன அக்காவிடம் அப்போதுதான் பிள்ளைக்காசு விஷயத்தைச் சொன்னேன். அக்கா கடிதத்தை மடித்து என் கையில் தந்தார்.

"மனுசனோடை பிரிஞ்சிட்டன் எண்டு சொல்லு. அவர் என்ன எடுக்கிறாரோ உனக்கென்ன தெரியும்? பாதிச் சனம் பேப்பரிலை பிரிஞ்சுதான் கிடக்குது. வெள்ளிக்கிழமை பார், கோயிலிலை சோடி சோடியா நிக்குதுகள்."

அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பத்து நாளும் எப்படிப் போனது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலுள்ள ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடையில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நாட்டிலும் பணம் எடுத்தால் இரண்டு நாட்டுக் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று கதைக்குமாம், யாரோ ஒருவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்களாம். கையில் எடுத்த கத்தரிக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கதவுத் துவாரத்தில் தபால் விழும் சத்தம் கேட்டால் மகள்மாருக்கு முன்னால் படியிறங்கி ஓடினேன். பதினைந்து வருடம் முன்பு ஆறு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த பயம் போலவே இருந்தது. அப்போது நான் தனி ஆள். இப்போது என் கையெழுத்துக்கு மேலே இரண்டு மகள்மாரின் பெயர்கள் இருந்தன. பொய் சொன்னவள் என்று எழுதிவிட்டால் எங்களை இந்த நாட்டில் இருக்க விடுவார்களா என்பதுதான் என் ஒரே யோசனை. மகள்மாருக்குச் சொல்லவில்லை. என் கணவர் தொலைபேசியில், கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல், கூடுதலாக ஒன்றும் சொல்லாதே என்றார். அவருடைய குரலும் நன்றாக இல்லை.

அலுவலகத்தில் சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், சென்னைப் பக்கத்துப் பிள்ளை, வயது முப்பது இருக்காது. மரியாதையாகப் பேசினாள். முதல் கேள்வியே தடுமாறியது.

"உங்க வீட்டுக்காரர் உங்க கூட இருக்காரா?"

"கீழை இருக்கினம். நாங்கள் மேலை" என்றேன்.

அவள் விழித்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, வீட்டு ஓனரை இல்லை, உங்கள் ஹஸ்பண்டைக் கேட்டேன் என்றாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் என்றால் வீட்டுக்குச் சொந்தக்காரர். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இனி அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவர் ஜெர்மனியிலை நிக்கிறார்."

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி ஏதோ திருப்பிக் கேட்டார். இவள் தலையாட்டினாள். அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே 'செப்பரேட்டட்' என்று ஒரு சொல்லைச் சொன்னார். என் ஆங்கிலம் அப்போது மிகக் குறைவு. ஆனால் அந்தச் சொல்லின் முன்பாதி எனக்குத் தெரியும். ஜெர்மனி ஆஸ்பத்திரியில் மற்றத் துணிகளோடு சேர்க்கக் கூடாத துணிகளைப் போடும் கூடையில் 'செப்பராட்' என்று எழுதியிருக்கும். பதினொரு வருடம் அந்தக் கூடையைத் தள்ளியிருக்கிறேன். பிரித்து வைத்தது என்று அர்த்தம். நிக்கிறார் என்றதை, அங்கேயே நின்றுவிட்டார், எங்களோடு வரவில்லை என்று அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டுவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். நான் உடனே திருத்தவில்லை. அக்கா சொன்னதை நான் சொல்லாமலே அது நடந்துவிட்டது. பொய்கூடத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். அதிகாரி அடுத்த பக்கத்துக்குப் போகும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் என் கணவர் பையோடு வந்து கதவைத் தட்டுவார். அப்போது இந்தச் சொல் என்ன செய்யும்? இதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. பேசுவதைவிட அது கூடுதல் பயம்.

"இல்லைப் பிள்ளை, அவ பிழையா எழுதுறா. அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை."

"நீங்கதானே நின்னுட்டார்னு சொன்னீங்க?"

"இருக்கிறார் எண்டால் அங்கை குடியிருக்கிறார். நிக்கிறார் எண்டால் சும்மா நிக்கிறார், திரும்பி வந்திடுவார்."

"நாங்க பஸ்ஸுக்குத்தான் நிப்போம்" என்றாள். சொல்லிவிட்டு, அதிகாரியிடம் நெடுநேரம் விளக்கினாள். அதிகாரி எழுதியதை அழித்தார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். நான் பயந்த கேள்வி வந்தது.

"அங்க குழந்தைங்களுக்காக உங்க ஹஸ்பண்டுக்குப் பணம் வருதா?"

"ஓம்."

அவள் உடனே மொழிபெயர்க்கவில்லை. "ஆமாங்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. வருது."

பிறகு கேள்விகள் வேகமாக வந்தன. எப்போதிருந்து, யாருடைய கணக்கில், கையெழுத்து வைக்கும்போது எனக்குத் தெரியுமா. படிவத்தை வாசிக்கவில்லை என்றேன். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. தாகமாக இருந்தது. தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை. அதிகாரி கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. தாய் தகப்பனில் ஒருவர் ஒரு நாட்டிலும் மற்றவர் வேறு நாட்டிலும் வேலை செய்தால், எந்த நாடு எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு விதி இருக்கிறதாம். இரண்டு அலுவலகங்களும் எழுதிக் கேட்டு முடிவு செய்யுமாம், மாதக்கணக்கில் ஆகலாமாம். படிவத்தில் இல்லை என்று இருந்ததைப் பிழை என்று எடுப்பதா பொய் என்று எடுப்பதா என்பதை வேறொருவர் பார்ப்பார் என்றும் சொன்னார். அதைக் கேட்டபிறகு மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை. புதிதாக எழுதியதை அந்தப் பிள்ளை தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லக் கேட்டு, கையெழுத்து வைத்தேன். அது பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்தைப் போலவே இல்லை.

பின்னேரம் என் கணவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டியோ?"

"ஓம்."

"என்ரை பேரையும் எழுதிப்போட்டினமோ?"

"ஓம்."

"சரி. அப்ப நான் நாளைக்குப் போறன்."

அடுத்த நாள் அவர் வேலைக்கு லீவு போட்டு, அங்குள்ள அலுவலகத்துக்குப் போய், பிள்ளைகள் லண்டனில் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் காலை ஷிப்டுக்குப் போனேன். பிழையா பொய்யா என்ற முடிவு அன்று தபாலில் வரவில்லை.