குருவிக்குப் போன மல்லாட்டை

“மல்லாட்டையக் கப்பல்ல ஏத்தப் போறியா? மொதல்ல நீ கப்பலப் பாத்திருக்கியாடி?” என்று சித்தப்பா கேட்டார்.

நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்ததை யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டிக்குக் கணக்கெழுதப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த மண்டி முதலாளிக்குச் சென்னைப் புரோக்கர் ஒருவர் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் விலாசம் கொடுத்திருந்தார். “நம்ம மால் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போடும்மா” என்றார் முதலாளி. எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. முகம் தெரியாத ஒரு நாட்டுக்குள் எங்கள் மல்லாட்டை எந்த வழியாக நுழையும்? அங்கே யார் தின்பார்கள்? வேகவைத்தா, வறுத்தா? கடிதத்தின் கடைசியில் அதையும் கேட்டு எழுதினேன்.

“வாங்கறவன் திங்கறான், தூக்கிப் போடறான், உனக்கென்னம்மா?” என்றார். ஆனாலும் அந்த வரியை நான் எடுக்கவில்லை.

பதில் ஃபேக்ஸில் வந்தது. குளிர்காலத்தில் அங்கே வீட்டுத் தோட்டங்களில் வலைப்பையில் மல்லாட்டைப் பருப்பைப் போட்டுத் தொங்கவிடுவார்களாம், குருவிகள் கொத்தித் தின்ன. எங்கள் சரக்கு அதற்குத்தான்.

முதலாளி ஃபேக்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “குருவிக்கா? நம்ம மல்லாட்டையவா?” என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டு, “சரி, குருவி பேரம் பேசாது” என்றார்.

சாம்பிள் அனுப்பினோம். பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள்.

“அவங்க ஊர்க் குருவிக்கே லேப் டெஸ்ட்டா!” என்று முதலாளி கத்தினார். கிடங்கில் ஈரம் என்று வேலையாட்களைத் திட்டினார். கிடங்கில் ஈரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கிற அளவுக்குக் காய்ந்த காய்தான் மண்டிக்கு வரும். அப்படியானால் பூஞ்சை எங்கிருந்து வந்தது?

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா, மண்டியிலிருந்து உடைக்க வாங்கி வந்த காய்மேல் தண்ணீர் தெளித்துச் சாக்கு போட்டு மூடிக்கொண்டிருந்தாள். காலையில் ஓடு இளகியிருக்கும், பருப்பு முழுசாக வரும், விரலும் நோகாது. எங்கள் தெருவில் கூலிக்கு மல்லாட்டை உடைக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். அரிசி களைவதைப் போல, யாரும் யோசித்துச் செய்வதில்லை. நானும் பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்கு அங்கேயே நின்றுவிட்டேன். ஈரம் கிடங்கில் இல்லை, எங்கள் வீட்டுச் சாக்குக்கு அடியில் இருந்தது.

“தெளிக்காம உடைச்சா என்னம்மா ஆவும்?”

“வெரலு கிழியும். நீ உடைக்கிறியா?”

முதலாளியிடம் சொல்லாமலும் இருக்க முடியாது. சொன்னால் அவர் காய் உடைக்கிற மெஷின் வாங்கிவிடுவார், ரொம்ப நாளாக அதே பேச்சுதான். மெஷின் வந்தால் அம்மாவுக்கும் தெருவுக்கும் வேலை போகும். மறுநாள் அவரிடம் சொன்னேன். கூடவே, மெஷினுக்கு முன்னால் ஒரு தடவை எங்கள் தெருவில் காய்ந்தபடியே உடைத்துப் பார்க்கலாம், கூலி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி கேட்பார்கள் என்றேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

தெருவில் ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

“குருவி திங்கறதுக்கு நாங்க வெரல ஒடிச்சுக்கணுமா?” என்றாள் எதிர்வீட்டு அக்கா. “அதுக்கு வயித்த வலின்னா உன் மவளே போய் ஊசி போடுவாளா?” என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

“இத்தினி வருஷமா நாங்களும் இதத்தான தின்னோம்? உசிரோடதான இருக்கோம்?” என்றாள் அம்மா.

முதலாளியின் மெஷின் பேச்சை ஒளிக்காமல் சொன்னேன். சிரிப்பு நின்றது. அம்மா தண்ணீர்க் குடத்தைக் காலாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டு, கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். மறுநாள் மண்டியில் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை.

இரண்டாவது சாம்பிள் தேறியது. ஆர்டரும் வந்தது. முதலாளி எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். கொடுத்த கையோடு, “இனிமே மெஷின்தாம்மா. அதுவும் காய்ஞ்சதத்தான் உடைக்கும். பருப்பு ரெண்டா உடைஞ்சா குருவி குறையா சொல்லப் போவுது?” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. குருவிக்கு முழுப் பருப்பு, உடைந்த பருப்பு எல்லாம் ஒன்றுதான். அப்படியென்றால் உடைந்ததை வேண்டாம் என்கிறவர்கள் யார்?

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் சாமான் வாங்குகிற ஒரு கடைக்குப் போனேன். தோலோடு வறுத்து உப்புப் போட்ட மல்லாட்டை பாக்கெட் அங்கே தொங்கியது. கடைக்காரரிடம் விசாரித்தேன்.

“நல்லா வாங்குவாங்கம்மா. ஆனா உடைசல் ஜாஸ்தி இருந்துச்சுன்னா பாக்கெட்டயே திருப்பிக் குடுத்துடுவாங்க. அவங்களுக்கு முழுசா இருக்கணும்.”

மெஷினில் முழுசாக வருவது கம்மி. விரலில் உடைத்தால், காய்ந்த காயிலும் வரும்.

முழுப் பருப்பை மனுஷர்களுக்கே விற்கலாம் என்று மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். “மனுஷங்க திங்கறதுன்னா டெஸ்ட் இன்னும் ஜாஸ்தியா இருக்குமேம்மா” என்று இழுத்தார். இருக்கட்டும், மெஷினுக்கு அட்வான்ஸ் மட்டும் இப்போது கொடுக்க வேண்டாம் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

அவர் யோசித்து முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. அதே புரோக்கருக்குப் போன் போட்டு, ஹாலந்தில் மல்லாட்டை வறுத்து விற்கிற ஒரு கம்பெனியின் விலாசம் வாங்கினேன். தெருவில் காய்ந்தபடியே உடைத்ததில் உடையாத பருப்பாக அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் பொறுக்கிக் கொடுத்தார்கள். போன வாரம் அதைச் சாம்பிளாக ஹாலந்துக்குப் பெரிய போஸ்ட் ஆபீஸில் பார்சல் போட்டேன்.