வலது பக்கத்து இருக்கை

என் மனைவி மெல்போர்னுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. மகளின் பிரசவத்துக்குப் போனவள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பேரன் பிறந்தான், மகள் மறுபடி வேலைக்குப் போனாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் சரிப்படவில்லை, நாள் இழுத்துக்கொண்டே போகிறது. நான் டத்தோ கிராமாட் வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, போர்ச்சில் நிற்கிற காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டே இருக்கை. துணிக்கூரையை மடக்கிவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர் என்கிறார்கள். வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.

அந்தக் காரை மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்துக் கொட்டகையில் கண்டுபிடித்தேன். ஓட்டுகிற இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தரை முழுக்கத் துரு. கூரை இருந்ததற்கு அடையாளமாக நான்கு கம்பிகள். லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, இன்றைக்கு நம் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வாளியும் துணியும் எடுத்து வந்து கோழி எச்சத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஒன்பது வருடம் அது செங்கல் மேல் நின்றது. துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிற வேலை எனக்கு. ஓய்வு பெறும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் கை வைக்க முடிந்தது. பழைய கார்களை அறுத்துச் சாமான் விற்கிற கடைகளில் நான் ஏறி இறங்காத கடை கிடையாது. ஒரு சாமான் கிடைத்தால் இரண்டு சாமான் உடையும். ஆத்திரத்தில் ஸ்பேனரைத் தூக்கி எறிவேன். பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

ஆனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எல்லாம் சரியாகிவிடும். அவள் இரண்டு குவளைத் தேநீரோடு வந்து, சக்கரம் இல்லாத அந்தக் காரில் ஏறி உட்காருவாள். எப்போதும் வலது பக்கம், ஸ்டியரிங் இருக்கிற பக்கம். என்னை இடது பக்கம் போகச் சொல்லுவாள். ஒரு நாள் நான் முந்திப் போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். இறங்கும்வரை தேநீரைக் கொடுக்காமல் நின்றாள். சரி, ஸ்டியரிங் பிடித்துப் பார்க்க ஆசை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அவளும் கிளினிக்கில் வேலை பார்த்த காலம் முழுக்கச் சின்ன கார் ஓட்டியவள்தானே. அங்கே உட்கார்ந்துதான் மகள் கல்யாணத்தைப் பேசி முடித்தோம். என் தம்பியோடு பேச்சு நின்றுபோன வருத்தத்தை அங்கே உட்கார்ந்துதான் அவளிடம் கொட்டினேன். முப்பது வருடம் கிரேன் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. நான் அன்பாகப் பேசினாலே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சண்டை மாதிரிக் கேட்கும்.

கடைசியில் இன்ஜின் உயிர் பெற்றது. மூன்று சக்கரத் திரிஷா வண்டிகளுக்குக் கூரை தைக்கிற ஒரு சீனர் துணிக்கூரையைத் தைத்துக் கொடுத்தார். கோயில் வாசலில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்தோம். நான் வலது பக்கம் ஏறினேன். அவள் ஒரு நொடி தயங்கி நின்றுவிட்டு, இடது பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன் கூரையை மடக்கிக்கொண்டு பாலிக் புலாவுக்குப் புறப்பட்டோம். அந்தக் கொட்டகையை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மலைப்பாதை வளைவுகளில் இன்ஜின் உறுமியது, காற்று காதைப் பிய்த்தது. ஒன்பது வருடமாக மனசுக்குள் வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன்.

“நீ இல்லேன்னா இந்தக் காடி என்னைக்கோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். நானும்தான்.”

அவள் பதில் சொல்லவில்லை. டுரியான் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னொரு தரம் சொல்ல என் ரோஷம் விடவில்லை. மனுஷன் வாழ்க்கையில் ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னால் இதுதானா மரியாதை என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொட்டகைப் பக்கமே போகவில்லை. லக்சா சாப்பிடலாமா என்று அவள் கேட்டதற்கும், வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிவிட்டேன். பத்து நாளில் அவள் விமானம் ஏறினாள். விமான நிலையத்தில்கூட நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

போன மாதம் மகள் அழைத்தாள். அம்மாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனதாகச் சொன்னாள். வலது காது சுத்தமாகக் கேட்கவில்லையாம், பத்து வருடமாகவே அப்படித்தானாம்.

“உங்களுக்குத் தெரியாதாப்பா?” என்று கேட்டாள்.

போனை வைத்துவிட்டுப் போர்ச்சுக்குப் போனேன். வலது பக்கம் அவள், இடது பக்கம் நான். அவளுடைய நல்ல காது என் பக்கம். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அவள் என் வலது பக்கம்தான் உட்காருவாள். சாப்பாட்டு மேசையிலும் அப்படியே. நான் பேசுவது ஒன்றுவிடாமல் கேட்க வேண்டும் என்று பத்து வருடமாக இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான் ஸ்டியரிங் ஆசை என்று நினைத்திருக்கிறேன், மடையன். அங்கேயே நின்று அழுதேன்.

மறுநாள் போனில் அவளிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

“சொன்னா நீங்க இன்னும் கத்துவீங்கல்ல,” என்றாள்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவளே கேட்டாள்.

“அன்னிக்கு மலையில என்னமோ சொன்னீங்க. வாய் அசைஞ்சிச்சு. திருப்பிக் கேட்டா காது விஷயம் தெரிஞ்சிடுமேன்னு பேசாம இருந்துட்டேன். என்ன சொன்னீங்க?”

அதைப் போனில் சொல்ல எனக்கு மனசில்லை.

“நீ வா. நீயே ஓட்டு. பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன்.”

அந்தப் பக்கம் பேரன் சிணுங்குவது கேட்டது.

“மெதுவாச் சொல்லணும்,” என்றாள்.

எப்போது வருவாள் என்று இன்னும் முடிவாகவில்லை. அன்றைக்கே வலது பக்கத்து இருக்கையை அவள் கால் எட்டுகிற அளவுக்கு முன்னால் தள்ளி, ஒரு மெத்தையும் போட்டு வைத்தேன். இப்போது அங்கே என் முழங்கால் நுழையாது. வாரத்துக்கு இரண்டு முறை வெளியே நின்றபடியே கையை விட்டு இன்ஜினை முடுக்கி, பேட்டரி செத்துப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து மணிக்குத் தேநீரோடு போய் இடது பக்கம் உட்காருகிறேன். சொல்ல வேண்டியதைத் தணிந்த குரலில் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகத்தான் வருகிறது.