மூன்று புள்ளி, ஒரு கொக்கி

சட்டையைக் கையில் வாங்கியதும் சுப்பையன் கழுத்துப்பட்டியைத்தான் திருப்பிப் பார்ப்பார். கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம், அதுவும் நேரமிருந்தால். மலாக்காவின் காஜா பெராங்கில் முப்பது வருடமாக டோபிக் கடை வைத்திருந்தும் ஆட்களின் பெயர் அவருக்கு நிற்பதில்லை. கோர்ட்டில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ராஜரத்தினம் அவருக்கு ‘ரெண்டு கோடு’. போலீஸ்காரர் குடும்பம் ‘வட்டத்துல குத்து’. சேங்கொட்டைச் சாற்றில் ஊசியைத் தோய்த்து அவர் வைக்கும் குறி, துணி கிழிந்தாலும் போகாது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருவையே வாசித்துவிடுவார். வெளுக்க வந்த பிறர் சட்டையை ஒரு நாளும் உடுத்தியதில்லை. அதனாலேயே கல்யாண வீடுகளில் எல்லோரிலும் மோசமான சட்டை அவருடையதாக இருக்கும்.

தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில் சிவகாமசுந்தரி அம்மாள் வீட்டுக்கு அவர் வைத்த குறி மூன்று புள்ளி, ஒரு கொக்கி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் அந்த வீட்டுக் கல்யாணத்தில் விரித்த பழைய சித்திரத் துணி ஒன்று வெளுக்க வந்தது. அம்மாளின் முன்னோர் யாரோ நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்பார்கள். சுப்பையனுக்குப் பரம்பரைத் துணியும் ஒன்றுதான், தலையணை உறையும் ஒன்றுதான். மூலையில் குறி வைத்தார், பூந்திக்கொட்டை நுரையில் அலசினார், மடித்துக் கொண்டுபோய் அந்த வீட்டு மருமகன் தேவதாஸின் கையில் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துத் துணியைக் காணோம். டோபி திருப்பித் தரவேயில்லை என்றார் மருமகன். அம்மாள் வாசலில் நின்று மலாயில் சொன்ன சொல்லுக்குத் தமிழில் திருடன் என்றுதான் பொருள். அன்றோடு அந்த வீட்டு மூட்டை நின்றது. அதைப் பார்த்து அந்த வரிசையில் இன்னும் நாலு வீடு நின்றது.

எட்டு வருடம் கழித்து, இந்த ஆகஸ்டு நடுவில், ராஜரத்தினம் பத்திரிகையை விரித்துக்கொண்டு கடைக்கு வந்தார். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக் காட்சிசாலையில் கண்ணாடிக்குள் ஒரு துணி, படமும் போட்டிருந்தார்கள். இருநூறு வயதாம். கொடுத்தவர் மலாக்கா தேவதாஸாம். மூலையில் காணும் குறி அந்தக் காலத்து வணிகர் குழு ஒன்றின் முத்திரையாக இருக்கலாமாம். சுப்பையன் படத்தை வாங்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றார். திரும்பி வந்து, “குழுவும் இல்ல, கிழுவும் இல்ல. இது என் கை,” என்றார்.

அம்மாள் வீட்டுக்கும் சேதி போனது. அது தேவதாஸின் தாய் வீட்டுத் துணி, எங்களுடையது வேறு என்று பதில் வந்தது. சுப்பையன் சிங்கப்பூர் போவதென்று அன்றே முடிவு செய்தார். குறி யாருடையது, எந்த வீட்டுக்குரியது என்று காட்சிசாலைக்காரர்களிடம் சொல்லி, துணிக்குக் கீழே இருக்கும் அட்டையில் எழுத வைக்க வேண்டும். “இங்கிலீசுல எழுதிக் கண்ணாடிக்குள்ள வெச்சாத்தான் இந்தத் தெரு நம்பும்” என்பது அவர் கணக்கு.

பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமுக்கு அப்பால் போயறியாத மனிதர், வழியில் மூவாரில் ஆறு தாண்டுவது முதல் அடுத்த பஸ் பிடிப்பது வரை ஒரு வாரம் விசாரித்தார். மலாயா சுதந்திரம் பெறும் மெர்டேக்கா நாளுக்குச் சில நாட்களே இருந்தன. பாண்டு வாத்தியக்காரர்களின் வெள்ளை உடுப்புகள் கடையில் கழுத்தளவு குவிந்து கிடந்தன. வெளுத்துக் கொடுத்துவிட்டுப் போகும்படி கெஞ்சியவர்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: “சட்டை கசங்கியிருந்தா மெர்டேக்கா குடுக்க மாட்டேன்னா வெள்ளக்காரன் சொல்லப்போறான்?”

பழம்பொருளில் கறை வைத்தவன் என்று அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று மனைவி சந்திரமதி பயந்தார். “கெடுத்தவன்னு எழுதட்டும், கைநாட்டு வெக்கிறேன். திருடன்னு எழுதாம இருந்தாச் சரி,” என்றார் சுப்பையன்.

கோர்ட்டில் காலம் தள்ளியவருக்கு வேறு கவலை. “சுப்பையா, இப்போ நீ மூணு புள்ளி போட்டுக் காட்டுனா, பேப்பரப் பாத்துப் போட்டேன்னு சொல்லுவாங்க. ஒன் கையால வெச்ச பழைய குறி ஒண்ணு வேணும்,” என்றார் ராஜரத்தினம். எட்டு வருடமாக அந்த வீட்டு நூல் ஒன்றுகூட வராத கடையில் பழைய குறிக்கு எங்கே போவது? ஆனாலும் சுப்பையன் பயணத்தைத் தள்ளிப்போடவில்லை.

புறப்படும் காலை, கடைக் கதவைச் சாத்தும் நேரம், அம்மாள் வீட்டில் வேலை செய்யும் அஞ்சலை தலையில் மூட்டையோடு வந்து நின்றாள்.

“பெரியம்மா குடுத்துவிட்டாங்கண்ணே. இனிமே எல்லாத் துணியும் ஒங்ககிட்டதானாம். வயசான காலத்துல சிங்கப்பூரு அலைச்சல்லாம் எதுக்குன்னு கேட்டாங்க.”

“எட்டு வருசமா அவங்க வீட்டுல அழுக்கே படலையா?”

அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சுப்பையன் மூட்டையை அவிழ்த்து, வழக்கப்படி ஒவ்வொன்றாக மூலையைத் திருப்பிப் பார்த்தபடி எண்ணினார். முதல் பதின்மூன்றிலும் வேறு டோபியின் குறி. பதினான்காவதாக வந்தது லேஸ் வைத்த பழைய தலையணை உறை. வெளுத்து வெளுத்து வெங்காயத்தோல் போல ஆகியிருந்தது. மூன்று புள்ளியும் கொக்கியும் மட்டும் நேற்று வைத்தது போல் கறுப்பாக இருந்தன. வாயை அடைக்கக் கட்டிய மூட்டையில் அம்மாள் சாட்சியையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

சுப்பையன் மீதியைப் பழையபடி முடிந்து அஞ்சலையின் தலையில் ஏற்றினார்.

“ஒண்ணு கொறையுதேண்ணே.”

“கொறையுதுன்னு போய்ச் சொல்லு. இந்தத் தடவ எடுத்தது நாந்தான்னும் சொல்லு. சிங்கப்பூருல காட்டிட்டு, வெளுத்துக் கொண்டாந்து ஒங்க பெரியம்மா கையிலயே குடுக்குறேன்.”

பஸ் நிற்குமிடத்துக்கு நேர்வழி உண்டு. சுப்பையன் அந்த அழுக்கு உறையைத் துண்டு மாதிரி தோளில் போட்டு, குறியிருக்கும் மூலையை மார்பில் தெரியும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, கம்போங் செட்டி வழியாக நடந்தார்.