டப்பாவில் சிரிப்பு

பேருந்து நிறுவனத்தில் தொலைந்த பொருட்களுக்கென்று ஓர் அறை உண்டு. அதன் பொறுப்பாளரை எல்லோரும் ‘கிடைச்சிருச்சு அக்கா’ என்றே கூப்பிடுவார்கள். பொருள் அகப்பட்டதும் தொலைபேசியில் அவர் போடும் கூச்சல் அப்படி.

ஆனால் அகப்படுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஓட்டுநர்கள் கண்டெடுத்ததைக் கைபேசிச் செயலியில் பதிவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் கணினியில். பணிமனையில் வண்டி கழுவுகிறவர்கள் வேறொரு செயலியில். ஒரு குடைக்கு மூன்று இடத்தில் தேட வேண்டும்.

அதே நிறுவனத்தில் மென்பொருள் எழுதும் நாத்தனார் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: “அண்ணி, வாசல்தான் மூணு. உள்ள ஒரே தரவுத்தளம்தான். அதோட பேச எஸ்.க்யூ.எல்.னு ஒரு மொழி இருக்கு, கத்துக்குங்க, நேரா அதுகிட்டயே கேட்டுடலாம்.”

அக்கா கற்றுக்கொண்டார். தானே எழுதிய முதல் கேள்வியைத் தட்டிவிட்டுத் தேநீர் குடித்து முடித்தார். பதில் வரவில்லை.

“என்னடி, தூங்கிருச்சா?”

“பாவம் அண்ணி, முதல் வரியிலேர்ந்து ஒண்ணொண்ணாப் படிக்குது. எந்தச் சொல் எந்தப் பக்கம்னு புத்தகக் கடைசியில போட்டிருப்பாங்கல்ல? அந்த மாதிரி தேதிக்கும் தடத்துக்கும் ஒரு இண்டெக்ஸ் போட்டுடறேன்.”

போட்டாள். அடுத்த முறை விரலை எடுக்குமுன் பதில் வந்து நின்றது. அக்கா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

அந்த வாரமே ஒரு பெரியவர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார். ட்ரம்பெட் வாசிப்பவர். சாயங்காலம் கச்சேரி. உறுத்துகிறதென்று பல்செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டவர், டப்பாவை வண்டியிலேயே விட்டுவிட்டார்.

“பழ்ழு இழ்ழாம ஊதினா வெழும் காத்துதாம்மா வழும்.”

அக்கா ‘பல்’ என்று தேடினார். ஒன்றுமில்லை. பெரியவரின் முகம் தொங்கிப்போயிற்று.

“இருங்கய்யா, பேரை விட்டுட்டுக் கேட்டுப் பாப்போம்.”

அன்றைய தேதி, அவர் வந்த தடம் ஆகிய இரண்டை மட்டும் கொடுத்து, மூன்று இடத்துப் பதிவுகளையும் சேர்த்துக் கேட்டார். கண்ணிமைப்பதற்குள் வந்தன: ஒரு குடை, ஒற்றைச் செருப்பு, பிறகு வண்டி கழுவும் குறும்புக்காரர் யாரோ பதிந்தது, ‘டப்பாவில் சிரிப்பு’.

“கிடைச்சிருச்சு!”

பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். பணிமனையிலிருந்து டப்பா வந்து சேர்ந்ததும் பெரியவர் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். “குடும்பத்தோட வரணும்மா. முன்வரிசை உங்களுக்குத்தான்” என்றார், ஒவ்வோர் எழுத்தையும் ருசித்து.

சாயங்காலம் கணவரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு அக்கா போனார். முதல் பாட்டு பாதியில் மூச்சுவிட நின்றபோது, முடிந்துவிட்டதென்று நினைத்துக் கணவர் படபடவெனக் கைதட்டிவிட்டார்.

“அண்ணா, மானத்த வாங்காத!” என்று நாத்தனார் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மேடையிலிருந்து பெரியவர் பார்த்துவிட்டார். பல் அத்தனையும் தெரியச் சிரித்து, மறுபடி ஊதத் தொடங்கினார்.