வாட்சுக்குச் சார்ஜ் ஏறும் நேரம்

என் வீட்டுக்காரரின் வாட்சுக்குச் சார்ஜ் போடுவது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன். அவ்வளவு இருக்கிறது சொல்ல.

அவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோது நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் காலை, நான் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது மனுஷன் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். கோத்தா திங்கியில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு எதிரே சாலையைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். உள்ளே போய்விட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மரம்தான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளில் தேடிப் போய், மதியத்துக்கு மேல் அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். காலெல்லாம் முள் கீறல்.

"பஸ்ஸ எங்க நிறுத்துனேன்னு தெரியல லா" என்றார் என்னிடம், நான்தான் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி. எனக்கு வந்த கோபத்துக்கு வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் அவர் காலுக்கு மருந்து போட உட்கார்ந்தேன்.

அவர் கிலாங் பஸ் என்கிற தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். விடிவதற்கு முன் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் கடைசி ஆள் வரும்வரை காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். பஸ்ஸை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கிளம்ப வேண்டும் என்ற அவசரம் மட்டும் அவரை விடவில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகன் அந்த வாரமே ஒரு வாட்ச் வாங்கி வந்தான். சிம் போட்ட வாட்ச். அப்பா எங்கே போனாலும் என் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிவார். "இனிமே பயப்படாதீங்கம்மா, சார்ஜ மட்டும் விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சொல்வது சுலபம். அந்த வாட்சுக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும். அடிப்பக்கத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள் இருக்கின்றன, அதில்தான் காந்த ஒயர் ஒட்டும். அப்படியென்றால் கையிலிருந்து கழற்றியாக வேண்டும். வாட்சைக் கழற்ற அவர் விட்டால்தானே!

நான் செய்து பார்க்காத வித்தை இல்லை. குளிக்கப் போகும்போது எடுத்துச் சார்ஜில் மாட்டினேன். ஈர உடம்போடு வெளியே வந்து, மணி தெரியாமல் எப்படி பஸ் எடுப்பது என்று கத்தினார். தூங்கும்போது கழற்றினேன், வாரைத் தொட்டதுமே முழித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் ஜெபத்தில் கண்ணை மூடி இருக்கிற நேரம் பார்த்துக் கழற்றி, கீபோர்டு வாசிப்பவர் பக்கத்திலிருந்த பிளக்கில் போட்டுவிட்டு வந்தேன். பாதிரியார் பிரசங்கத்தின் நடுவில் இவர் எழுந்து நின்று, "எவன்டா என் வாட்ச எடுத்தது?" என்றார். அலமாக்! அன்றைக்கு நான் யார் முகத்தையும் பார்க்காமல் காருக்கு வந்தேன்.

மகன் அதே மாதிரி இன்னொரு வாட்ச் வாங்கிக் கொடுத்தான், மாற்றி மாற்றிக் கட்டலாம் என்று. சார்ஜில் கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். கையில் ஒன்று, மேசையில் ஒன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல எது என்னுது?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்த இரண்டாவது வாட்சை நான் அன்றைக்கே பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

வழி காட்டியவர் அவரேதான். ஒரு நாள் நான் கை நீட்டி வாட்சைக் கேட்டபோது அவரும் கை நீட்டினார். "பாஸ் குடு" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்னா பாஸ்?" என்றேன். "லைசன்ஸ வாங்கினா பாஸ் குடுக்கணும் லா. புது ஜாகாவா நீ?"

அப்போதுதான் புரிந்தது. தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் டிரைவர்கள் லைசன்ஸைக் கொடுத்துவிட்டு ஒரு பாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். வெளியே வரும்போது பாஸைக் கொடுத்து லைசன்ஸை வாங்கிக்கொள்வார்கள். அதை அவர் எத்தனை வருஷம் செய்திருப்பார்! மற்ற நேரத்தில் நான் நான்தான். சோறு கேட்பார், சண்டை போடுவார். வாட்சுக்காகக் கை நீட்டினால் மட்டும் நான் ஜாகா.

சரி, பாஸ்தானே என்று துணி கிளிப்பைக் கொடுத்தேன். விட்டெறிந்தார். சூப்பர்மார்க்கெட் அட்டையைக் கொடுத்தேன். "என்னைய பாத்தா கேணையன் மாதிரி இருக்கா?" என்றார். கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து நான் வைத்த என் ஐசி, அடையாள அட்டை, மேசைமேல் கிடந்தது. வெறுத்துப்போய் அதைத் தூக்கி அவர் கையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். பேசாமல் வாட்சைக் கழற்றிக் கொடுத்தார்.

அந்த ஐசியில் இருக்கும் படத்தை வைத்து ஒரு காலத்தில் அவர் என்னை ஓட்டாத ஓட்டு இல்லை. சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று முறைத்துக்கொண்டு நின்றிருப்பேன். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறாய் என்பார். இப்போது அதே படத்தை மடியில் வைத்துக்கொண்டு வாட்ச் சார்ஜ் ஏறும்வரை அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "யாரு இந்தம்மா?"

"என் வீட்டுக்காரி லா."

"எப்படி, நல்லவங்களா?"

"வாய் ஜாஸ்தி. தொறந்தா மூட மாட்டா."

ஐசியைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் அவரே தொடர்ந்தார். "ஆனா வெள்ளம் வந்தப்போ பிள்ளைய தோள்ல தூக்கிக்கிட்டு, என் லைசன்ஸ வாயில கடிச்சுக்கிட்டு இடுப்பளவு தண்ணில நடந்து வந்தா. லைசன்ஸ் போனா நான் பஸ் எடுக்க முடியாதுல்ல. அவகிட்ட சொல்லிறாத, தலைமேல ஏறி உக்காந்துக்குவா."

வெள்ளம் வந்த அன்றைக்கு அந்த மனுஷன் என்னிடம் சொன்னது என்ன தெரியுமா? "உன் செருப்பு எங்க?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. கூடவே குடும்பம் நடத்தியவளுக்குச் சொல்லாததை ஜாகாவுக்குச் சொல்கிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகு சார்ஜ் போடும் நேரத்துக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். காலை வேலையை முடித்துவிட்டு, முகம் கழுவி, அவர் எதிரில் உட்காருவேன். சுவரில் போட்டால் சீக்கிரம் ஏறிவிடுகிறது என்று வாட்சை மகனின் பழைய கம்ப்யூட்டரில் சொருகினேன். அதில் மெதுவாகத்தான் ஏறும். கல்யாணத்தன்று மழையில் அவள் புடவை சாயம் போனது, அவள் வைக்கும் மீன் கறி, பிள்ளை பிறந்தபோது பஸ்ஸை வழியிலேயே நிறுத்திவிட்டு ஓடியது, எல்லாம் சொன்னார். அட்டையில் முறைத்துக்கொண்டிருந்த அந்தப் பொம்பளைமேல் எனக்குப் பொறாமைகூட வந்தது. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

மற்ற நேரங்களில் அவர் என்னை மறந்துகொண்டே வந்தார். என் பெயர் போயிற்று. பிறகு சோறு போடுகிற அம்மா ஆனேன். போகட்டும், படத்தில் இருப்பவளையாவது தெரிகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். "யாரு இந்தம்மா?" என்று நான் கேட்க வேண்டும், "என் வீட்டுக்காரி" என்று அவர் சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் ஐசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இது யாரோட ஐசி? கீழ கெடந்துச்சா? பாவம், தேடிக்கிட்டு இருப்பாங்க. போலீஸ்ல குடுத்துருங்க."

"உங்க வீட்டுக்காரிதாங்க இது. நல்லா பாருங்க."

மரியாதைக்குச் சிரித்தார். "இல்லீங்க, எனக்கு இவங்கள தெரியாது."

அடுத்த நாளும் கொடுத்தேன். அதற்கடுத்த நாளும் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தேன். வெளிச்சம் போதவில்லையோ என்று ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக் கொடுத்தேன். வெள்ளத்தைப் பற்றி நானே சொன்னேன். யாரோ ஊர்க்கதை சொல்வதைக் கேட்பதுபோல, "அப்படியா, கெட்டிக்கார பொம்பளதான்" என்றார்.

இப்போது வாட்சைக் கழற்றுவதில் ஒரு தொந்தரவும் இல்லை. பாஸ் கேட்பதில்லை, மணி கேட்பதில்லை. நான் பக்கத்தில் போனாலே கையை நீட்டிவிடுகிறார். சுவர் பிளக்கிலேயே போடுகிறேன். போன வாரம் மகன் போனில், "அப்பா வாட்ச குடுக்குறாங்களாம்மா?" என்று கேட்டான். குடுக்குறாங்கப்பா என்றேன். "அப்பாடா, ஒரு கவலை விட்டுச்சு" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

நேற்றுக் காலை நான் கேட்கும் முன்பே கையை நீட்டினார். என்னால் தாங்க முடியவில்லை. அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "குடுக்காதீங்க! சண்ட போடுங்க. பாஸ் எங்கன்னு கேளுங்க, திட்டுங்க என்னைய" என்று கத்திவிட்டேன். கத்தக் கத்த அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் பயப்படவில்லை. கையை இழுக்கவும் இல்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு, தொழிற்சாலை வாசலில் கடைசி ஆளுக்காக பஸ்ஸை நிறுத்திவைத்துக் காத்திருந்த அந்த மனுஷனின் பழைய பொறுமையோடு, மெதுவாகச் சொன்னார்.

"அழாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரரு வந்துருவாரு. அவரு வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."